பாதாளத்தில் நாலு கோடு சிக்னல்

கேஜிஎஃபின் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் இப்போது முதலில் பார்ப்பது, தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை அல்ல. அதை மறைத்துக்கொண்டு எழுபது அடி உயரத்தில் நிற்கும் விளம்பரப் பலகையைத்தான்.

‘உலகிலேயே மிக ஆழமான ரைடு! 3,200 அடி! தைரியம் இருந்தால் இறங்கிப் பாருங்கள்! சுவர்ண பாதாளம் ஃபன் பார்க்.’

எழுத்து ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். 3,200க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கத்தைப் பலகையின் மேல் ஓரத்தில், காக்கை உட்காரும் இடத்தில், பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“படிக்க முடியுதா லாய்ட் அண்ணா?” என்றாள் வாணி.

லாய்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “ஏணி வச்சாத்தான் முடியும் மேடம். ஆழம் எவ்ளோன்னு தெரிஞ்சிக்கறதுக்கு மேல ஏறணும். நல்ல கம்பெனி.”

வாணி போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாள். ‘*அனுபவ ஆழம்’ என்று இருந்தது.

“அப்படின்னா இன்னா?”

“எனக்கு அனுபவ வயசு இருபத்தெட்டுன்னு சொல்ற மாதிரி.”

லாய்டின் அசல் வயது ஐம்பத்தாறு. பத்தொன்பது வருஷம் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஒரு ஷாப்பிங் மாலில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர். முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டார். வாணி அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்பு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் ‘வாணி இன்வெஸ்டிகேஷன்ஸ்’ என்று போர்டு மாட்டினாள். அங்கே லாய்ட் உதவியாளர், டிரைவர், வரவேற்பாளர். யாரும் கேட்காதபோது விமர்சகர்.

“மணி பதினொண்ணு,” என்றாள் வாணி. “அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடணும். வாங்க.”

அந்தப் பெண் ஜெனிட்டா. சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் இருந்து வந்தவள். காலை எட்டு மணிக்கு அவள் ஆபீஸ் படியேறி வந்தபோது லாய்ட் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன கதையில் இட்லி ஆறிப்போனது.

பார்க்கின் பெரிய ரைடுக்குப் பெயர் ‘பாதாள கேஜ்’. பழைய சுரங்கத்தில் ஆட்களை இறக்கிய கூண்டு மாதிரியே ஒன்று. அதற்குள் ஜெனிட்டா நின்று பித்தளை மணியின் கயிற்றை இழுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்ஜின் ரூமில் இருக்கிறவன் கேஜை நகர்த்துவான். மணி வேஷத்துக்கு இல்லை; நிஜமான உத்தரவு. அவளுடைய அப்பா முப்பது வருஷம் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று அந்த மணியை அடித்தவர். முதலில் மூன்று மணி, ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம். அதன்பிறகு ஒரு மணி என்றால் ஏற்று, இரண்டு மணி என்றால் இறக்கு. கேஜிஎஃபில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

பதினோரு நாளுக்கு முன்பு, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் கேஜ் தடாலென்று இறங்கி மோதியது. பூதிகோட்டையில் இருந்து வந்திருந்த தங்கம்மா என்ற பெண்ணின் இடது மணிக்கட்டு முறிந்தது. பார்க் மேனேஜர் ரூபேஷ் ஒரு ரிப்போர்ட் தயாரித்தார். அதன் நகலை ஜெனிட்டா நீட்டினாள். வாணி சத்தமாகப் படித்தாள்.

“‘அடியில் நின்றிருந்த கேஜை மேலே ஏற்ற ஒரு மணி அடிக்க வேண்டும். ஊழியர் ஜெனிட்டா கவனக்குறைவாக இரண்டு மணி அடித்தார். இரண்டு மணி என்றால் இறக்கு. ஆகவே கேஜ் மேலும் கீழே போய்த் தரையில் மோதியது.’ நீ ரெண்டு அடிச்சியா ஜெனிட்டா?”

“அடிச்சேன்கா. ரெக்கார்டிங்கும் கீது.”

“அப்பால கேஸு இன்னாம்மா?” என்றார் லாய்ட்.

“நான் தப்பு மணி அடிக்கல அண்ணா.”

“அடியில நின்ன கேஜுக்கு ரெண்டு அடிச்சா அது தப்புதானே?”

ஜெனிட்டா துப்பட்டாவின் நுனியைச் சுருட்டினாள். “வேலைக்குச் சேரும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. ரைடு எப்படி ஓடுதுன்னு வெளிய வாய் திறந்தா பத்து லட்சம் கட்டணும். இதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேசக் கூடாதுக்கா.”

இன்று மாலை ஐந்து மணிக்குள் ‘தவறு என்னுடையது’ என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போலீஸில் புகார்.

“வேலை போனா போவட்டும்,” என்றாள். “தப்பு மணி அடிச்சவன்னு என் பேர்ல எழுதிட்டா எங்கப்பா சர்ச்சுக்குக்கூடப் போக மாட்டாரு. எங்க லைன்ல ஒருத்தனைத் திட்டணும்னா இன்னா வேணா சொல்லித் திட்டுவாங்க. அதை மட்டும் சொல்ல மாட்டாங்க.”

எழுந்துகொண்டாள். பத்து மணிக்கு டூட்டி.

“இன்னிக்குமா?”

“சாதனை நாளாச்சே. உலக ரெக்கார்ட் கொடுக்கிற ஆளுங்க நாலு மணிக்கு வராங்க. மணி அடிக்க வேற ஆள் இல்ல.”

அவள் போனபிறகு லாய்ட் ஆறிய இட்லியைப் பார்த்துச் சொன்னார்: “தப்பா சமைச்சான்னு சமையல்காரனை ஜெயில்ல போடுவாங்களாம். அதுக்கு முன்னாடி கல்யாண விருந்தையும் அவனே சமைச்சிடணுமாம்.”

பார்க்கின் உள்ளே கால் வைத்த இடமெல்லாம் சாதனையாக இருந்தது. வாசலில் ‘ஆசியாவின் அகலமான டிக்கெட் கவுண்டர்’. அதில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. தண்ணீர்ச் சறுக்குக்கு மேலே ‘தென்னிந்தியாவின் நீளமான வளைவு’. ஹோட்டலில் ‘தக்காண பீடபூமியின் மிகப் பெரிய மசால் தோசை’. கழிப்பறைக் கதவில் ‘கோலார் மாவட்டத்திலேயே அதிகக் கண்ணாடிகள்’ என்று எழுதியிருந்தது.

லாய்ட் அதற்குள் போய்விட்டு வந்தார். “கண்ணாடி நிறையத்தான் கீது. தண்ணி வரல.”

டிக்கெட்டோடு ஒரு வழவழப்பான நோட்டீஸும் கொடுத்தார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்ததால் லாய்ட் அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார். வரிசையில் முன்னும் பின்னும் பெங்களூர் கும்பல், ஐ.டி. கம்பெனி டி-ஷர்ட்டுகள், செல்ஃபி குச்சிகள். உள்ளூர் முகம் ஒன்றுகூட இல்லை.

“நம்ம ஆளுங்க ஏன் வர மாட்டேன்றாங்க?” என்றாள் வாணி.

“அவங்க அப்பனுங்களை இதுக்குள்ள இறக்கச் சம்பளம் கொடுத்தாங்க. இப்ப டிக்கெட் வாங்கிக்கினு இறங்குன்னா எவன் இறங்குவான்?”

கேஜின் கதவுக்கு மேல் ஒரு தகடு: ‘16 நபர்கள் மட்டும்’. உள்ளே மஞ்சள் ஹெல்மெட்டுடன் ஜெனிட்டா. அவர்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த குரல், இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உண்மையை எதிர்கொள்ள முடியாதவர்களும் இறங்கிவிடலாம் என்றது. யாரும் இறங்கவில்லை.

ஜெனிட்டா கயிற்றை இழுத்தாள். டங், டங், டங். கொஞ்சம் இடைவெளி. டங்.

விளக்கு அணைந்தது. கேஜ் ஒரு குலுக்குக் குலுக்கியது. லாய்ட் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பைபிள் சங்கீதத்தில் தெரிந்த ஒரே வசனத்தை இரண்டு தடவை சொன்னார். சுற்றிலும் பாறைச் சுவர்கள் மேல்நோக்கிப் பறந்ததாகப் பிறகு வாணி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். சிவப்பு எண்கள் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று ஓடி 3,200இல் நின்றன. கதவு திறந்தது.

ஃபைபர் பாறைகள், தங்க பெயிண்ட், குழிவிழுந்த கன்னத்தோடு ஆறேழு பொம்மைத் தொழிலாளிகள். ஏசி சில்லென்று அடித்தது.

“குளிருது,” என்றாள் வாணி.

“ஆமா. எங்கப்பா டவல்ல வேர்வையைப் பிழிஞ்சி ஊத்துவாரு. பாவம், அவருக்கு இந்த லெவல் கிடைக்கல.” லாய்ட் குரலைத் தாழ்த்தினார். “பம்பை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சி மேடம். ஷாஃப்ட் பூரா தண்ணி. நிஜமா அந்த ஆழத்துல நின்னுக்கினு இருந்தா நாம ரெண்டு பேரும் இந்நேரம் மீனு.”

அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி லூயிசா.

“எங்க கீறீங்க?”

“மூவாயிரத்து இருநூறு அடிக்குக் கீழ.”

“சரி. மேல வந்ததும் கொத்தமல்லி வாங்கினு வாங்க.”

லாய்ட் போனைப் பார்த்தார். சிக்னல் நாலு கோடு. “எங்க வீட்டு ஹால்ல ரெண்டு கோடுதான் வரும். சமையல் ரூம்ல அதுவும் கிடையாது. குடும்பத்தோட இங்கேயே வந்துடலாம் போலகீது.”

வாணி தரையில் குனிந்து எதையோ எடுத்து அவரிடம் நீட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு புறா இறகு. எங்கோ மாரிகுப்பம் ரயிலின் ஹார்ன் கேட்டது. தூரத்தில் அல்ல, மிகப் பக்கத்தில், காலுக்குக் கீழே கேட்பதுபோல. மூலையில் பாறை மாதிரியே பெயிண்ட் அடித்த ஓர் இரும்புக் கதவு. ‘அவசர வழி’ என்றும், அதற்குக் கீழே ‘திறக்கக் கூடாது’ என்றும் எழுதியிருந்தது.

திரும்பி வந்ததும் வாணி நேராக ஜூஸ் கடைக்குப் போய் இரண்டு எலுமிச்சை ஜூஸ் சொன்னாள்.

“போகும்போது எத்தினி மணி அடிச்சா?”

“நான் கண்ணை மூடிக்கினு இருந்தேன்.”

“காதையுமா?”

லாய்ட் யோசித்தார். ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினார். மூன்று தட்டு. நிறுத்தினார். பிறகு ஒன்று. “அவ்ளோதான்.”

“நிச்சயமா?”

“ரெண்டாவது அடிச்சிருந்தா இன்னொரு தடவை சங்கீதம் சொல்லியிருப்பேன்.”

வாணி ஜூஸை மறந்துவிட்டு, தலையைச் சாய்த்து விளம்பரப் பலகையின் முதுகைப் பார்த்தாள். முழு முதுகும் தெரியவில்லை. கேஜ் ரைடின் தகரக் கட்டடம் பலகையோடு ஒட்டிக்கொண்டு, அதே உயரத்துக்கு மேலே போயிருந்தது.

“எழுபது அடிக்கு போர்டு எதுக்கு லாய்ட் அண்ணா?”

“பொய் பெரிசு. சின்ன போர்டுல அடங்கல.”

“பாதிதான் சரி,” என்றாள் வாணி. எவ்வளவு கேட்டும் மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. லாய்டுக்கு அவளிடம் பிடிக்காதது இந்த ஒன்றுதான்.

மூன்றரை மணிக்குப் பார்க் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கழுத்தில் அட்டை தொங்க, கையில் வீடியோ கேமராவோடு ஒரு பெண் இறங்கினாள். ‘யூனிவர்சல் வொண்டர் ரெக்கார்ட்ஸ், மமதா, மதிப்பீட்டாளர்’. ரூபேஷ் பூச்செண்டோடு ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது, பெங்களூர் இந்திராநகர் உச்சரிப்பு, வெயிலுக்கு ஒவ்வாத கோட்டு.

சாதனை விதிப்படி பொதுமக்களில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பார்க்குக்குச் சம்பந்தமில்லாத உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். பெங்களூர்க் கும்பலுக்குள் உள்ளூர்க்காரனைத் தேடி ரூபேஷ் அலைந்தார். ஜூஸ் கடை நிழலில் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்த லாய்ட் அவர் கண்ணில் பட்டார்.

“சார், நீங்க லோக்கலா?”

“மூணு தலைமுறை.”

“படிக்கத் தெரியுமா?”

“போர்டு கொஞ்சம் கீழ இருந்தா படிப்பேன்.”

“வெரி குட். மேடமும் வாங்க. ஜஸ்ட் ஒரு கையெழுத்து. ஃப்ரீ ரைடு, ஃப்ரீ போட்டோ.”

வாணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டினாள். பத்தொன்பது வருஷ செக்யூரிட்டி வேலையில் லாய்ட் நிறையத் திருடர்களைப் பார்த்திருக்கிறார். பூட்டைத் திறக்கிறவனையே காவலுக்குக் கூப்பிட்டவரை இப்போதுதான் பார்த்தார்.

கேஜில் ஐந்து பேர். மமதா கேமராவை ஓடவிட்டாள். ஜெனிட்டா கயிற்றை இழுத்தாள். இந்த முறை லாய்ட் கண்ணை மூடினாலும் காதைத் திறந்தே வைத்திருந்தார். மூன்று. இடைவெளி. ஒன்று.

3,200 வந்தது. கதவு திறந்தது. மமதா படிவத்தை எடுத்தாள்.

“வெல்கம் டு த டீப்பஸ்ட் ரைடு இன் த வேர்ல்ட்,” என்றார் ரூபேஷ். “சாட்சிகள் இங்க சைன் பண்ணுங்க.”

“பண்றேன் சார். ஒரே ஒரு சந்தேகம்,” என்றாள் வாணி. “இங்கதான் தங்கம்மான்னு ஒருத்தங்களுக்குக் கை முறிஞ்சதாமே?”

ரூபேஷின் சிரிப்பு அரை அங்குலம் குறைந்தது. “ஸ்டாஃப் மிஸ்டேக் மேடம். இதோ, இந்தப் பொண்ணுதான். அடியில நின்ன கேஜுக்கு ரெண்டு மணி அடிச்சிட்டா. ரிப்போர்ட் இருக்கு. ஆக்‌ஷன் எடுத்தாச்சு.”

ஜெனிட்டா மணிக்கயிற்றைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுன்னா இறக்கு. ஒண்ணுன்னா ஏத்து. சரிங்களா?”

“ரைட். எங்க லாயரே மைனிங் ரூல் புக் பாத்துத்தான் எழுதினார்.”

“அந்த என்ஜின் ரூம் ஆளு அதன்படிதான் கேஜை ஓட்டுறாரா?”

“நூறு பர்சென்ட். மணியில்லாம ஒரு இஞ்ச் நகராது. அதான் எங்க சேஃப்டி.”

வாணி மமதாவின் பக்கம் திரும்பினாள். “மேடம், நாம வந்ததை வீடியோ எடுத்தீங்களே. முதல் பத்து செகண்டைப் போடுங்க.”

மமதாவுக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் போட்டாள். சின்னத் திரையில் இருட்டு. அதற்கு முன்னால் தெளிவாக, டங், டங், டங். இடைவெளி. டங்.

“ஒண்ணு,” என்றாள் வாணி. “உங்க ரிப்போர்ட்படியே ஒண்ணுன்னா ஏத்து. அப்ப நாம இறங்கி வரல சார். ஏறி வந்திருக்கோம்.”

லாய்டின் வாய் திறந்தது. அதில் இருந்து ஜோக் எதுவும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் இது அபூர்வம்.

ரூபேஷ் சத்தமாகச் சிரித்தார். “மேடம், ஹௌ ஃபன்னி. நம்பர் பாருங்க. 3,200. சுவரெல்லாம் மேல போச்சே, பாக்கலயா?”

“சுவர் போச்சு. நாம எங்க போனோம்னுதான் கேள்வி. லாய்ட் அண்ணா, அந்த அவசர வழி.”

‘திறக்கக் கூடாது’ என்று எழுதிய கதவுகளைத் திறப்பவர்களைப் பத்தொன்பது வருஷம் தடுத்த மனிதர், நல்ல முழங்காலை ஊன்றி மற்றதால் ஓர் உதை விட்டார். கதவு திறந்தது.

வெயில் அறைக்குள் கொட்டியது. இரண்டு புறாக்கள் படபடத்துப் பறந்தன. காலடியில், வெகு கீழே, கோரமண்டல் ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஒருத்தி முறுக்குக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மறுபக்கம் சயனைடு மேடு கண்மட்டத்தில் மஞ்சளாகப் படுத்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் விளம்பரப் பலகையின் மேல் விளிம்பு. அதில் ‘அனுபவ ஆழம்’ என்ற பொடி எழுத்தின் முதுகு.

“இப்ப ஏணி இல்லாமலே படிக்கலாம் போல,” என்றார் லாய்ட். குரல் திரும்பி வந்துவிட்டது.

மமதா விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். “அய்யோ. இது... அறுபது அடி மேலே இருக்கு ரூபேஷ் சார்.”

“ஃபீல் தான் மேடம் முக்கியம்,” என்றார் ரூபேஷ். கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். “ஷாஃப்டுக்குள்ள தண்ணி இருக்கு. பெர்மிஷன் கிடைக்கல. கஸ்டமருக்கு டெப்த் ஃபீல் ஆகுது இல்லையா? இது ஒரு... கிரியேட்டிவ் டைரக்‌ஷன்.”

“உங்க ஃபீலைப் பத்தி எனக்குக் கவலை இல்ல சார்,” என்றாள் வாணி. “இந்தப் பொண்ணைப் பத்திதான். அன்னிக்குத் தங்கம்மா இங்க நின்னாங்க. கேஜ் உச்சியில இருந்துச்சு. உச்சியில இருக்கிற கேஜுக்கு ரெண்டு மணி, இறக்கு. அதைத்தான் அடிச்சா. சரியான மணி. அதைச் சொன்னா உங்க உலக சாதனை போயிடும், பத்து லட்சம் கேப்பீங்க. அதனால பதினோரு நாள் வாயை மூடிக்கினு நின்னா.”

“அப்ப கேஜ் ஏன் மோதுச்சு?” ரூபேஷ் பிடி கிடைத்ததுபோல நிமிர்ந்தார். “மெஷின் கண்டிஷன் பர்ஃபெக்ட். மணி சரின்னா வேற என்ன காரணம்?”

அது நல்ல கேள்வி. லாய்ட் பதற்றத்தில் வேகமாக விசிறிக்கொண்டார்.

வாணி கையை நீட்டினாள். “விசிறியைக் கொடுங்க.”

நாலாக மடித்த நோட்டீஸை அவள் பிரித்து, மமதாவின் படிவத்தின்மேல் வைத்தாள். ‘மீண்டும் ஒரு சாதனை! ஒரே கேஜில் 31 பேர்!’ கீழே பெரிய வண்ணப் படம். இந்தக் கேஜுக்குள், இதே பாறைகளுக்கு முன்னால், பூதிகோட்டை மகளிர் குழுப் பெண்கள் தீப்பெட்டிக் குச்சிகள்போல நெருக்கியடித்துச் சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் தேதி: பதினோரு நாளுக்கு முன்பு.

“காலையில ஜெனிட்டா போனதும் தங்கம்மாகிட்ட போன்ல பேசினேன். பச்சைப் புடவை, ரெண்டாவது வரிசைன்னு சொன்னாங்க. ஃப்ரீ டிக்கெட்னு வேன் வச்சுக் கூட்டினு வந்தாங்களாம். போட்டோ எடுத்த அஞ்சாவது நிமிஷம் கேஜ் இறங்குச்சு, கை முறிஞ்சுது.” வாணி கேஜ் கதவுக்கு மேலே இருந்த தகட்டைக் காட்டினாள். “பதினாறு பேருக்கான பிரேக். முப்பத்தொண்ணு பேரு. பிடிக்குமா?”

“மேடம், அது மார்க்கெட்டிங் டீம்...”

“குற்றம் செஞ்சவங்க யாரும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, டிக்கெட்டோட சேத்துக் கொடுக்க மாட்டாங்க. நீங்க பத்தாயிரம் காப்பி அடிச்சிருக்கீங்க.”

“கலர்ல,” என்றார் லாய்ட். “காலையில இருந்து நான் வாக்குமூலத்தால விசிறிக்கினு இருந்திருக்கேன்.”

கீழே ரயில் கிளம்பும் ஹார்ன் கேட்டது. வாணி பொறுமையாகச் சொன்னாள்: “மணி நாலே கால். அஞ்சு மணிக்குப் போலீஸுக்குப் போறதா இருந்தீங்க. போங்க, நாங்களும் வரோம். கேஜ் அடியில இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா அந்த அடியைக் காட்டணும். உச்சியில இருந்துச்சுன்னா இவ அடிச்சது சரியான மணின்னு எழுதணும். ரெண்டையும் சேத்துச் சொல்ல முடியாது.”

ரூபேஷ் மமதாவைப் பார்த்தார். மமதா படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “ஆழம்னு கொடுக்க முடியாது,” என்றாள் வருத்தத்தோடு. பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. “ஆனா ‘கீழே போறதா நம்பிக்கினு அதிகம் பேர் மேலே போன ரைடு’ன்னு புது கேட்டகரி ஒண்ணு திறக்கலாம். ஃபீஸ் தனி.”

ரூபேஷின் கண்ணில் ஒரு கணம் ஆசை மின்னியதை லாய்ட் பார்த்தார். அந்த மனிதரின்மேல் அவருக்கு ஏறக்குறைய மரியாதையே வந்துவிட்டது.

கடைசியில், தங்கப் பெயிண்ட் அடித்த பாறையின்மேல் படிவத்தின் மறுபக்கத்தை வைத்து ரூபேஷ் எழுதினார். வைத்தியச் செலவு பார்க்கினுடையது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதே காரணம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க சார்,” என்றாள் ஜெனிட்டா. அங்கே வந்ததில் இருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. “மணி சரின்னு எழுதுங்க.”

எழுதினார். ‘ஜெனிட்டா அடித்த மணி சரியானது.’ தேதி, கையெழுத்து. சாட்சிகளின் இடத்தில் வாணியும் லாய்டும் போட்டார்கள். அந்தப் பார்க் வெளியிட்ட காகிதங்களில் நட்சத்திரக் குறி இல்லாத வாக்கியம் அநேகமாக அது ஒன்றுதான்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரூபேஷ் தாங்க மாட்டாமல் கேட்டார்: “ஒரே ஒரு டவுட். கிளம்பும்போது நீ ரெண்டு அடிச்சிருக்கலாமே? என்ஜின்காரன்கிட்ட உல்டாவா சொல்லிக்கொடுத்திருந்தா முடிஞ்சுது. எவனுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“நானும் யோசிச்சேன் சார். முதல் நாள் கயித்தையும் பிடிச்சேன்.” ஜெனிட்டா காகிதத்தை மடித்து ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டாள். “ஏறுற கேஜுக்கு ரெண்டு அடிக்கக் கை வரல. உள்ள ஆளு நிக்கறாங்க, இல்ல?”

லாய்ட் இரும்புக் கதவைச் சாத்தினார். ஐந்து பேரும் கேஜுக்குள் போனார்கள். சிவப்பு எண் இன்னும் 3,200 என்று பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்தது.

ஜெனிட்டா கயிற்றை இழுத்தாள். மூன்று. ரூபேஷ் தன்னை அறியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மமதாவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. லாய்ட் கண்ணை மூடவில்லை.

பிறகு இரண்டு மணி, நிதானமாக, தெளிவாக.

அந்த ரைடு தொடங்கிய நாளில் இருந்து முதல் தடவையாக, கேஜில் இருந்த எல்லோருக்கும் தாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரிந்திருந்தது.